உப்புக்காரியின் முகம்

ஜனவரி 7

இன்று நான் சொல்லாதது: "அது நான் போட்டது இல்லை."

நான்கே சொற்கள். தொண்டைவரை வந்துவிட்டன. அவசரமாகத் தேநீரை வாயில் ஊற்றிக்கொண்டேன். நாக்கு வெந்துபோனது.

மதியம் எதிர் மேசை ஜெரால்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "ஏ வல்லி, இதக் கொஞ்சம் பாரு" என்று திரையை என் பக்கம் திருப்பினான். எங்கள் குழு மூன்று வருடமாகக் கண்காணித்துவரும் நூற்றெண்பது சொச்சம் விண்மீன் திரள்களில் ஒன்று. எண் 112. இரண்டரை வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. போன செப்டம்பரில் அதன் நடுப்புள்ளி இரண்டு மடங்கு பிரகாசமாகியிருக்கிறது. மூன்று வாரம் கழித்து, அதைச் சுற்றி ஓடும் வாயு மேகங்களும் அதே மாதிரி பளிச்சிட்டிருக்கின்றன.

முன்னது கூச்சல், பின்னது எதிரொலி. நடுவில் கிளம்பிய வெளிச்சம் மேகத்தைப் போய்த் தொட எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்த மூன்று வாரம். அதிலிருந்து தூரம் கிடைக்கும். மேகம் ஓடுகிற வேகம் நிறமாலையில் தெரியும். தூரமும் வேகமும் கிடைத்தால் நடுவில் உட்கார்ந்திருக்கும் கருந்துளையை எடை போட்டுவிடலாம். ஜெரால்டு போட்டிருந்தான். நான்கு கோடி சூரியன்.

அவ்வளவு அழகான எதிரொலியை நான் பார்த்ததில்லை. எங்கள் குழுவில் அழகாக எது வந்தாலும் ஒரே கேள்விதான். அவனும் கேட்டான்.

"உப்பா?"

"சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாண்டாம். மூஞ்சிய மட்டும் காட்டு."

அப்போதுதான் தேநீர்.

உப்பு என்றால் என்ன என்பதை, ஐம்பது வயதில் இதை எடுத்துப் படிக்கப்போகும் எனக்காக எழுதிவைக்கிறேன். மனிதக் கண்ணுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கருந்துளைக்குள் வாயு தாறுமாறாக விழுவதால் வெளிச்சமும் தாறுமாறாக ஏறி இறங்கும். ஆராய்ச்சியாளர் அதில் கோலத்தைப் பார்ப்பார், பிறகு மாநாட்டுக்கு விமானம் ஏறுவார். இதைத் தடுக்க எங்கள் குழுத் தலைவர் வசுமதி மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பருவமும் சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். அவர் தரவுக்குள் சில போலிப் பிரகாசங்களை ரகசியமாகக் கலந்துவிடுவார். யார் உப்புப் போட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே போட்டார் என்பது தெரியாது. பிப்ரவரி இருபதாம் தேதி, மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஆமாம், இல்லை என்று ஒரு சொல் வந்தாலும் மொத்தப் பருவத்தின் வேலையும் குப்பைக்குப் போகும்.

இந்தப் பருவத்தின் உப்புக்காரி நான். மூன்று இடத்தில் போட்டேன். 112இல் போடவில்லை.

ஆகவே அதைப் போட்டது வானம்.

ஜனவரி 9

கண்ணாடி முன்னால் உப்பு முகம் பழகினேன். உதடு நேர்க்கோடு. புருவம் தரைமட்டம். பல் துலக்கிக்கொண்டிருந்த அறைத்தோழி பர்வீன் பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லையா?" என்றாள். அவள் வாணியம்பாடிக்காரி. மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் பொறியாளர். எந்த இரவு யாருக்கு என்ற அட்டவணையும் அவள் கையில்தான்.

மாலை கோவில்பட்டியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். உப்பு முகத்தை அங்கேயும் வைத்துப் பார்த்தேன்.

"என்னளா, கன்னமெல்லாம் சிரிக்கி? யாரு?"

"யாரும் இல்லம்மா. நூத்திப் பன்னெண்டு."

"அது என்ன, ரூம் நம்பரா?"

"கேலக்ஸிம்மா. அதோட வெளிச்சம் இங்க வந்து சேர முப்பது கோடி வருஷம் ஆகும்."

"அம்புட்டுத் தூரத்துல நமக்கு எதுக்கு? விளாத்திகுளத்துல ஒரு பையன் இருக்கான். பேங்க்ல வேலை."

சிக்னல் போய்விட்டது என்று கையை ஆட்டி அணைத்தேன்.

குழுவில் எல்லாரும் அவனை 'ஜெரால்டு அண்ணே' என்று கூப்பிடுகிறார்கள். பர்வீன்கூட. நான் மட்டும் ஜெரால்டு என்கிறேன். குறிப்பாகக் காரணம் எதுவும் இல்லை. நேரில் 'நீங்க', இங்கே 'அவன்' என்பதற்கும் காரணம் இல்லை. நாட்குறிப்பில் இடம் குறைவு.

ஜனவரி 12

விஷயம் விளையாட்டு இல்லை என்று இன்றுதான் புரிந்தது.

ஜெரால்டின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. சிலி நாட்டில் ஒரு தொலைநோக்கியில் மூன்று வருட வேலைக்கு விண்ணப்பம் போடப் போகிறான். கடைசித் தேதி பிப்ரவரி பத்து. கையில் ஒரு நல்ல கட்டுரை இருந்தால் அழைப்பார்கள். அவன் பெயரில் பெரிய தொலைநோக்கியில் இரண்டே இரவுகள் மிச்சம் இருக்கின்றன. மாதக் கடைசி. திரள் 31க்காக ஒதுக்கியவை. அந்த 31ஐ மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டு அலைகிறான். இன்னும் இரண்டு நிறமாலை எடுத்தால் கட்டுரை முடிந்துவிடும். சுமாரான கட்டுரை, ஆனால் முழுசான கட்டுரை.

112 மெய்யாக இருந்தால் கதை வேறு. தூங்கிய கருந்துளை விழித்துக்கொள்வதை, அது விழித்திருக்கும்போதே பார்த்தவர்கள் உலகத்தில் சில பேர்தான். ஆனால் பிரகாசம் இறங்கிக்கொண்டிருக்கிறது. உப்பை அறிவிக்கும் நாள்வரை காத்திருந்தால் தணிந்துவிடும்.

குழுவின் இரவுகளில் 112ஐத் தனியாகச் சரிபார்க்கக் கூடாது. முன்கூட்டியே வானத்திடம் கேட்பது காப்பியடிப்பதற்குச் சமம் என்பது மேடத்தின் விதி. சொந்த இரவுகளைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. யாரும் அவ்வளவு முட்டாளாக இருப்பார்கள் என்று விதி எழுதியவர் நினைக்கவில்லை போலும்.

மெஸ்ஸில் பர்வீன் சொன்னாள்: "அண்ணே, சீக்கிரம் சொல்லிடுங்க. முப்பத்தொண்ணா, நூத்திப் பன்னெண்டா? அதுக்கப்புறம் ஏப்ரல் வரைக்கும் ஒரு ராத்திரிகூட காலி இல்ல."

"உப்புக்காரிட்ட கேளு" என்றான் அவன், அப்பளத்தை என் பக்கம் நீட்டி.

"லஞ்சமா?" என்றேன்.

"அப்பளம் லஞ்சம்னா உங்க ஊர்ல ஒருத்தனும் வெளிய இருக்க மாட்டான்."

அப்பளத்தை வாங்கிக்கொண்டேன்.

அவன் சிலிக்குப் போனால் எங்கள் அறையில் ஜன்னலோர மேசை காலியாகும். அது எனக்கு வரும். அங்கிருந்து பள்ளத்தாக்கு தெரியும். நான் யோசித்தது அதைப் பற்றி மட்டுமே.

ஜனவரி 15

பொங்கல். மேடம் தன் வீட்டிலிருந்து பெரிய தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். எங்களுக்கு இலைக்கு ஒரு கரண்டி, அவருக்கு நான்கு. ஐந்தாவதற்குக் கை போனபோது ஜெரால்டு, "மேடம், எல்லை தாண்டுறீங்க" என்றான். கருந்துளைக்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறி வேகமாகத் தின்றால், தின்கிற சூட்டில் கிளம்பும் வெளிச்சமே வருகிற சாப்பாட்டை வெளியே தள்ளிவிடும். பேராசை பிடித்த கருந்துளை தன் இலையைத் தானே தட்டிவிடுகிறது.

"அது கருந்துளைக்குப்பா. எனக்கு வெளிச்சமே வராது, உள்ள போறதோட சரி" என்றார் மேடம்.

பிறகு சாதாரணமாக என்னிடம், "நூத்திப் பன்னெண்டு பார்த்தியா வல்லி? நல்லா இருக்கில்ல?" என்றார். உப்பு முகத்தை மாட்டுவதற்குள் சிரித்துவிட்டேன். நல்லவேளை, அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்திரி தேடிக்கொண்டிருந்தார். குழுவிலேயே என் முகத்தைப் பார்க்காத நாகரிகம் அவர் ஒருவருக்குத்தான்.

ஜனவரி 18

மழை. துணி காயவில்லை. 112 பற்றி யாரும் பேசவில்லை. நான் இரண்டு முறை பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன்.

ஜனவரி 19

நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவலில் முந்நூறாவது பக்கம். ஓர் இளவரசி யாரையோ விரும்புகிறாள், சொல்லாமல் இருக்கிறாள். அதற்குள் ஒரு போரே நடந்து முடிந்துவிட்டது. வாய் திறந்தால் புத்தகம் பாதியாகக் குறையுமே என்று எரிச்சலாக வந்தது. மூடிவிட்டு விறுவிறுவென்று அறைக்கு நடந்துவந்தேன்.

கருந்துளையை யாரும் பார்த்ததில்லை என்று பள்ளிக்கூடங்களில் பேசப்போகும்போது சொல்வோம். உள்ளே போனது வெளியே வராது. நாங்கள் அளப்பதெல்லாம் விழப்போகிற வாயு விளிம்பில் சுற்றிச் சுற்றிச் சூடாகி வெளியிடும் வெளிச்சம். அதாவது அது வாய் திறக்காமலேயே எடை தெரிந்துவிடுகிறது. எனக்கு இது ஆறுதலாக இல்லை.

ஜனவரி 21

ஜெரால்டு முடிவு சொல்லும் நாள்.

"முப்பத்தொண்ணே எடுத்துக்கிடுதேன்" என்றான் காலையில். "நூத்திப் பன்னெண்டு ரொம்ப அழகா இருக்கு. வானம் இம்புட்டு நேர்த்தியாச் செய்யாது. இது ஒரு பொம்பளப் பிள்ளை உக்காந்து பொறுமையா வரைஞ்சது."

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. உண்மை கண் முன்னால் ஒவ்வொரு நாளும் தணிந்துகொண்டிருக்கிறது. இவன் அதை என் கைவேலை என்கிறான். என் கைவேலைகள் மூன்றும் அசிங்கமானவை. இரைச்சலோடு இரைச்சலாக, பார்த்தால் சந்தேகமே வராதபடி போட்டிருக்கிறேன். அதைச் சொல்லவும் முடியாது.

மாலை, தாளில் பெரிதாக 31 என்றும் 112 என்றும் எழுதி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"எதுவும் சொல்லாத. எதப் பாக்கணும்னு தோணுதோ அதப் பாரு."

"இது விதிக்கு விரோதம்."

"விதியில கண்ணப் பத்தி இருக்கா?"

"இருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

கண்ணை மூடிக்கொண்டேன். இறுக்கமாக, நேர்மையாக. ஒரு நிமிடம் அப்படியே இருந்தேன். உதடு தானாக விரிந்தது; உதட்டைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

கண்ணைத் திறந்தபோது அவன் இல்லை. பர்வீனின் அட்டவணையில் 31ஐ 112 என்று மாற்றியாகிவிட்டது.

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 22

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 28

அவன் மலையுச்சிக்குக் கிளம்பினான். ஜீப் ஏறும்போது, "வந்து பரோட்டா வாங்கித் தாரேன்" என்றான். "எதுக்கு?" என்றேன். "சும்மாத்தான், உப்பு கம்மியா" என்றான். மேடம் வராந்தாவிலிருந்து, "முப்பத்தொண்ணுக்கு என் ஆசீர்வாதம்!" என்று கையசைத்தார். அவன் மாற்றியது அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

ஜனவரி 31

இரண்டு இரவும் ஒரு துளி மேகம் இல்லை. பர்வீன் இந்த வருடத்திலேயே சிறந்த வானம் என்கிறாள்.

ஜெரால்டு காலையில் இறங்கி வந்தான். முகத்தில் இரண்டு நாள் தாடி. தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்தான்.

"தூங்குது, வல்லி."

"எது?"

"நூத்திப் பன்னெண்டு. அசந்து தூங்குது. கொறட்டகூட இல்ல."

"தணிஞ்சிருக்கும். மிச்சம் கொஞ்சமாவது..."

"மிச்சமே இல்ல. மூணு வருஷம் முன்னால எடுத்த நிறமாலையையும் இதையும் மேல மேல வச்சிப் பாத்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். முதல் முறையாக அதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. நானும் அவனைப் போலவே விழித்துக்கொண்டிருந்தேன். அது அவனுக்கு இன்னும் குழப்பமாக இருந்திருக்க வேண்டும்.

பரோட்டாப் பேச்சு வரவில்லை.

பிப்ரவரி 2

என் உப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 27, 64, 150. மூன்றுதான். தூக்கத்தில் நடந்துபோய் நாலாவது போட்டிருப்பேனோ என்றுகூட யோசித்தேன். விடுதி அறைக்கும் கணினி அறைக்கும் நடுவில் ஒரு நாய் இருக்கிறது, அதனால் இல்லை.

கணக்கும் போட்டேன். அவ்வளவு வாயு விழத் தொடங்கினால் அது நிற்பதற்கு மாதங்கள் ஆகும். டிசம்பர்க் கடைசியில் பாதிப் பிரகாசத்தில் இருந்தது ஜனவரிக் கடைசியில் சுவடே இல்லாமல் போக இயற்பியலில் வழி இல்லை. வானம் பொய் சொல்கிறது, அல்லது நான் முட்டாள். மூன்றாவது வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 10

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். 31 முடியாமலேயே. கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில், ஜனவரியில் இரண்டு இரவு எதைத் தேடினான், எது கிடைக்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதினானாம். பர்வீன் சொன்னாள்.

இன்று நான் அவனிடம் சொல்லாதவை ஒரு பக்கத்துக்கு வரும். துணி துவைத்தேன். போர்வை உட்பட.

பிப்ரவரி 20

உப்பை அறிவிக்கும் நாள். மதியம் மெஸ்ஸில். நான் எழுந்து நின்று மூன்று எண்களையும் சொன்னேன். 27ஐயும் 64ஐயும் குழு பிடித்திருந்தது. 150 தப்பிவிட்டது. கைதட்டல். உட்காரப் போனேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் மேடம்.

அவர் முகத்தை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். ரசகுல்லாவை வாயில் போட்ட முகம்.

"மூணு வருஷமா பார்த்துட்டு வர்றேன். நீங்க யாரும் டேட்டாவைப் பார்த்து உப்பைப் பிடிக்கிறதில்ல. உப்புப் போட்ட ஆள் மூஞ்சியைப் பார்த்துத்தான் பிடிக்கிறீங்க. அதனால இந்தத் தடவை வல்லிக்கும் தெரியாம நான் ஒரு சிட்டிகை போட்டேன். நூத்திப் பன்னெண்டு. பாவம், அவ மூஞ்சியில நூத்துக்கு நூறு நிஜம்னு எழுதியிருந்துச்சு. பொங்கலன்னிக்கே பார்த்தேனே!"

வயிறு குலுங்கச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், சத்தம் மட்டும் வரவில்லை. நான் போடவில்லை என்றால் வானம்தான் போட்டது என்று ஒரு மாதம் அடித்துச் சொன்னவள் நான். என்னைத் தவிர இன்னொரு கை இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

"மேடம்" என்றாள் பர்வீன். "அண்ணன் அவரோட ரெண்டு ராத்திரியையும் அதுக்குத்தான் குடுத்தாரு."

"எந்த ரெண்டு ராத்திரி?"

"முப்பத்தொண்ணோட ராத்திரி."

மேடத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெரால்டைப் பார்த்தார். "சொந்த ராத்திரியையா? ஏம்ப்பா? யாராவது அப்படிச் செய்வாங்களா?"

ஜெரால்டு தட்டில் இருந்த மோர் மிளகாயை நகர்த்திக்கொண்டிருந்தான். "நான் செஞ்சிட்டேன் மேடம்" என்றான்.

மேடம் இனிப்பைத் தொடாமல் எழுந்துபோனார். இதுவரை நடந்ததே இல்லை.

பிப்ரவரி 21

தபால் நிலையத்துக்குப் போகும் இறக்கத்தில் அவனைப் பிடித்தேன்.

"கோவமா?"

"இருக்கு."

"என் மேலயா?"

"உன் மூஞ்சி மேல என்ன கோவம்? அது பொய் சொல்லல. அதுக்கு விஷயம் தெரியாது, அம்புட்டுத்தான்."

"நீங்க டேட்டாவப் பாத்திருக்கணும். மூஞ்சியப் பாத்தது தப்பு."

"நான் என்ன, உப்பா இல்லையான்னா பாத்தேன்?" என்றான். "ரெண்டு வருஷமா எதிர் மேசைல இருக்கேன். நீ எதுக்காவது அப்படிச் சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல. அது எதுக்குன்னு போய்ப் பாப்பமேன்னு போனேன்."

அதற்குப் பிறகு நாங்கள் தபால்தலைகளின் விலை உயர்வு பற்றிப் பேசினோம். உயர்ந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 23

மேடம் தன் பெயரில் ஜூன் மாதம் இருக்கும் இரண்டு இரவுகளை 31க்கு எழுதிக் கொடுத்தார். ஜூனில் இங்கே மழை கொட்டும். அவருக்கும் தெரியும். தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். சிலிக்காரர்களுக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதினார். "என் குறும்பை முழுசா எழுதிட்டேன். உன் பேரையும்" என்றார் என்னிடம்.

"என் பேர் எதுக்கு மேடம்?"

"முகம்னு எழுதினா யார் முகம்னு கேப்பாங்கல்ல?"

மார்ச் 11

நேர்காணல். வீடியோவில் ஒரு மணி நேரம். வெளியே வந்தபோது அவன் காது சிவந்திருந்தது.

"அரை மணி நேரம் உப்பப் பத்தியே பேசினாங்க. ஒண்ணும் இல்லாத எடத்துல ஒண்ணும் இல்லன்னு இம்புட்டுத் தெளிவா அளந்து வச்சவன் நீ ஒருத்தன்தான்னு ஒரு கெழவர் சொன்னாரு. அங்கயும் உப்புப் போட்டுப் பாக்கணுமாம்."

"அப்போ நல்லதுதானே?"

"நல்லதுதான். கடைசில ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்குத்தான் தடுமாறிட்டேன்."

"என்ன கேள்வி?"

"அது நேர்காணல் ரகசியம்" என்றான். உப்பு முகம். அவனுக்கு என்னைவிட நன்றாக வருகிறது.

மார்ச் 27

கிடைத்துவிட்டது. மெஸ்ஸில் மைசூர்பாகு. மேடம் தன் பங்கை எனக்குக் கொடுத்தார். அது மிகப் பெரிய விஷயம். நான் வாழ்த்துகள் சொன்னேன். மூன்று முறை சொன்னதாகப் பர்வீன் பிறகு சொன்னாள்.

ஏப்ரல் 11

ஜீப் காலையிலேயே போய்விட்டது. ஜன்னலோர மேசைக்கு மாறினேன். பள்ளத்தாக்கு தெரிகிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 4

சிலியிலிருக்கும் அந்தத் தொலைநோக்கியில் சில இரவுகள் கேட்டு நான் விண்ணப்பித்திருந்தேன். நான் தேர்ந்தெடுத்த விண்மீன் திரள் வானத்தின் தென் துருவத்தை ஒட்டி இருக்கிறது. நம் மலையிலிருந்து பார்த்தால் அடிவானத்தைத் தாண்டி மேலே வராது. அது உண்மை, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இங்கிருந்தே இணையவழியில் இயக்கினால் போதாதா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். போதாது, நேரில் வர வேண்டும் என்று பதில் போட்டேன்.

மூன்று இரவு கொடுத்தார்கள்.